பதினொரு தரம் தீர்ந்த பிரச்சினை

சங்குமுனையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை முடிவுசெய்வது கிராம அலுவலரான விதானையார் செபநேசனின் நீல மட்டைக் கொப்பி. இந்தியாவிலிருந்து திரும்பி வந்த மூன்றாம் நாள், ஞானசீலி பத்து வயது மகள் அபிநயாவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கொப்பியின் முன்னால் போய் நின்றாள். விதானையார் அவளுடைய பழைய பிறப்புப் பத்திரத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பேனையால் அவள் பெயரை எழுதினார். பிறகு பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்திவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதன் கீழே மகளின் பெயரை எழுதினார்.

“பிள்ளை இந்தியாவில பிறந்ததெல்லோ,” என்றார். “குடியுரிமைப் பத்திரம் வரட்டும் தங்கச்சி. வந்த உடன பேனையால எழுதுவம். ஆறு மாசத்து அலுவல்.”

விதானையார் பொய் சொல்லுகிற மனிதர் அல்ல. அரசாங்கத்தில் ஆறு மாதம் என்பது கால அளவு இல்லை, ஆறுதல் வார்த்தை. அது ஞானசீலிக்கு அப்போது தெரியாது. வீட்டுக்குப் போய் நாட்காட்டியில் ஆறு தாள் எண்ணி ஏழாவது தாளில் ஒரு புள்ளடி போட்டாள்.

அன்று பின்னேரமே கணவன் சூசைதாசனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவன் தமிழ்நாட்டு முகாமில்தான் இன்னும் இருந்தான். இரண்டு பேரும் சின்ன வயதில் வள்ளத்தில் தப்பிப் போனவர்கள், முகாமில் வளர்ந்து முகாமிலேயே கலியாணம் கட்டினவர்கள். மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பிவந்தால் முகாமில் பெயர் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட பெயர் பிறகு ஒட்டாது. இங்கே பிள்ளையை நாட்டுக்காரி இல்லை என்று சொல்லிவிட்டால் அவளைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? அதனால் ஒரு காலை அங்கே வைத்திருப்பது என்று முடிவு. அந்தக் கால் சூசைதாசன்.

“பத்திரம் வாற அண்டைக்கே பேரை வெட்டிப்போட்டு வருவன் சீலி,” என்றான். “ஆறு மாசம்தானே.”

முகாமில் மாதம் இரண்டு தடவை பெயர் கூப்பிடுவார்கள். வருவாய் ஆய்வாளர் நிழலில் நாற்காலி போட்டு இருப்பார். மற்றவர்கள் வெயிலில் நிற்பார்கள். பெயர் வந்ததும் “உள்ளேன் ஐயா” என்று சொல்லி, நீட்டுகிற புத்தகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் ஆள் இல்லையென்றால் சிவப்பு மையால் ஒரு கோடு. இருபத்துமூன்று வருடம் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த ஞானசீலிக்கு ஒரு பாடம் நன்றாகப் பாடமாகியிருந்தது. புத்தகம் நீட்டினால் கையெழுத்து வை. என்ன புத்தகம் என்று கேட்காதே.

பிரதேச செயலகத்தில் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு மேசை இருந்தது. அதில் ஒரு எழுதுவினைஞரும் இருந்தார். இவ்வளவு வசதியை அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் அவளுடைய பத்திரங்களை எல்லாம் வாங்கி அடுக்கினார். தாய் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி இருந்தது. பிள்ளை இந்தியாவில் பிறந்ததற்கு இருந்தது. ஒன்று மட்டும் குறைகிறது என்றார். பிள்ளை பிறந்தபோது தாயும் அங்கே இருந்தார் என்பதற்கு அத்தாட்சி.

ஞானசீலி அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். எழுதுவினைஞர் சிரிக்கவில்லை. சுற்றறிக்கையைத் திறந்து பந்தியைக் காட்டினார். முகாம் வரவுப் புத்தகத்தின் பிரதி ஒன்று போதும் என்று வழியும் சொன்னார்.

சூசைதாசன் எட்டு மாதம் ஆய்வாளருக்குப் பின்னால் திரிந்து, அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை முத்திரையோடு பிரதியெடுத்து அனுப்பினான். எழுதுவினைஞர் அடிமட்டத்தை வைத்து வரிவரியாக இறக்கினார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

“அம்மா, பிள்ளை பிறந்த அண்டைக்கு நீங்கள் முகாமில இல்லையெண்டு கிடக்கு.”

“ஆசுபத்திரியில நிண்டனான் ஐயா.”

“என்னத்துக்கு?”

“பிள்ளைப்பேறுக்கு.”

“அது விளங்குது. ஆனா பிறப்புப் பத்திரத்தில பிள்ளை இருக்கு, புத்தகத்தில தாய் இல்லை. தாய் இல்லாத இடத்தில எப்பிடிப் பிள்ளை பிறந்ததெண்டு மேலிடம் கேட்டா நான் என்ன சொல்லுறது?”

அவர் கெட்டவர் இல்லை. அவளுக்குத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். ஒரு சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி எடுத்துவந்தால் சமாளிக்கலாம் என்றார். ‘என் மகள் பிறந்த சமயத்தில் நானும் அவ்விடத்தில் பிரசன்னமாயிருந்தேன்’ என்று ஞானசீலி சத்தியம் செய்தாள். எழுதிக்கொடுத்த கிழவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவளையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தினார். சத்தியக் கடதாசிகளில் வாழ்ந்தவருக்கு வியப்பு விட்டுப்போயிருந்தது.

விண்ணப்பக் கோவை கொழும்புக்குப் போனது. போன கோவைக்கு வருடத்துக்கு ஒன்றாக மூன்று கடிதம் வந்தன. மூன்றும் சிங்களத்தில் இருந்தன. ஞானசீலி கூலிக்கு நண்டு உடைக்கிற கடற்கரை வாடிக்கு ஐஸ் லொறி ஓட்டிவரும் நிமலைத் தவிர சிங்களம் வாசிக்க ஊரில் ஆள் இல்லை. அவன் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்குவான். முதல் கடிதத்தில், உங்கள் கடிதம் கிடைத்தது என்று இருந்தது. இரண்டாவதில், முதல் கடிதத்தைப் பார்க்கவும் என்று இருந்தது. மூன்றாவதை அவன் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் வாசித்தான்.

“அக்கா, இதில பெரிய மரியாதையாத்தான் எழுதியிருக்கு,” என்றான் கடைசியில். “மிச்சம் மரியாதை. ஆனா விசயம் இல்லை.” தானே அந்தக் கடிதத்தை எழுதியவன்போல் அவனுக்கு வெட்கமாக இருந்தது. அன்று அவளுக்கு ஒரு துண்டு ஐஸ் கூடுதலாக உடைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஞானசீலிக்கு அரசாங்கம் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கொடுத்திருந்தது. இரண்டு அறை, பூசாத சுவர். முகாமில் பத்தடி அறைக்குள் மூன்று பேர் படுத்தார்கள். அடுத்த அறைக்காரன் குறட்டை விட்டால் இந்தப் பக்கம் அபி திரும்பிப் படுப்பாள். எப்போது இந்தச் சத்தத்திலிருந்து தப்புவோம் என்று ஞானசீலி சபித்திருக்கிறாள். தப்பிவிட்டாள். இங்கே ஒரு பக்கம் கனடாக்காரரின் பூட்டிய வீடு, மறுபக்கம் பற்றைக்காடு. அபி பள்ளிக்கூடம் போன பிறகு ஒரு பாத்திரம் கை தவறி விழுந்தால், என்ன சத்தம் என்று கேட்க நாதியில்லை. பள்ளிக்கூடத்தில் அபியை ‘இந்தியாக்காரி’ என்றார்கள். அங்கே ‘சிலோன்காரி’ என்று கூப்பிட்டவர்கள்கூடப் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். ஞானசீலியை இங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாடியில் அவள் ‘வந்த பொம்பிளை’. ஆறு வருடமாக வந்துகொண்டே இருந்தாள்.

அவள் பெயரை வருடத்துக்கு இரண்டு தரம் ஒலிபெருக்கியில் கூப்பிட்டது நடமாடும் சேவை மட்டும்தான்.

நடமாடும் சேவை என்றால் கந்தோர் ஊருக்கு நடந்துவருவது. கந்தோரில் இருக்கிற மேசை, கதிரை, எழுதுவினைஞர், ‘பிறகு வாங்கோ’ எல்லாம் அதில் இருக்கும். கூடுதலாகப் பாண்ட் வாத்தியமும் இருக்கும். பள்ளிக்கூட மைதானத்தில் தகரப் பந்தல் போட்டு, இருபது மேசைக்கு இருபது இலக்கம் ஒட்டி, குத்துவிளக்கு ஏற்றி, ஏற்றியவர்களுக்கு மாலை போட்டு முடிய மதியமாகிவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு மக்களுடைய பிரச்சினை பார்ப்பார்கள். மூன்று மணிக்குப் பந்தல்காரன் தகரம் கழற்ற வந்துவிடுவான்.

முதல் தடவை ஒலிபெருக்கியில் “சூசைதாசன் ஞானசீலி” என்று கேட்டதும் அவள் துள்ளி எழுந்து, மகளையும் இழுத்து நிறுத்தி, “உள்ளேன் ஐயா” என்றாள். பந்தல் முழுக்கச் சிரித்தது. அவள் நேரே போய் நீட்டின புத்தகத்தில் காட்டின இடத்தில் கையெழுத்து வைத்தாள். ஒரு பணிசும் ஒரு பைக்கட் பாலும் கொடுத்தார்கள். பதினாலாம் மேசையில், கொழும்பிலிருந்து பதில் வரவில்லை, அடுத்த சேவைக்கு வாருங்கள் என்றார்கள். வந்தாள். பெயர் கூப்பிட்டார்கள், எழுந்தாள், கையெழுத்து வைத்தாள், பணிஸ் வாங்கினாள். ஒரு சேவையும் அவள் தவறவிடவில்லை. பத்திரத்துக்காகத்தான் போனாள். ஆனாலும் தன் பெயர் காற்றில் போய்க் கடல்வரை கேட்பதில் அவளுக்கு ஒரு சுகமும் இருந்தது. அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

நடமாடும் சேவையின் இணைப்பாளர் குலவீரசிங்கம். ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று ஊருக்குக் கேட்கக்கூடிய மனிதர், ஒலிபெருக்கியோடுதான் பேசுவார். ஆறாவது வருடம் அவர் பேசியது இது:

“மக்கள் எங்களைத் தேடி அலைந்த காலம் மலையேறிவிட்டது. இன்று நாங்கள் மக்களைத் தேடி வருகிறோம். போன தடவை வந்த அதே முகங்களை இந்தத் தடவையும் காண்கிறேன். முந்தின தடவையும் இவர்களைத்தான் கண்டேன். எங்கள் சேவையில் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? சிலர் கேட்கிறார்கள், ஏன் ஒரே நாளில் முடித்துக் கொடுக்கக்கூடாது என்று. ஒரே நாளில் முடித்தால் அந்தக் குடும்பத்துக்கும் அரசுக்குமான உறவு அன்றே அறுந்துபோகும். நாங்கள் உறவை அறுக்க வந்தவர்கள் அல்ல.”

கை தட்டினார்கள். ஞானசீலியும் தட்டினாள்.

அந்த வருடம் அபிக்குப் பதினாறு. டிசம்பரில் சாதாரணதரப் பரீட்சை. அடையாள அட்டை வேண்டும் என்று அதிபர் சொன்னார். அடையாள அட்டைக்குக் குடியுரிமைப் பத்திரம் வேண்டும். ஞானசீலி வாடியில் லீவு சொல்லிவிட்டுச் செயலகத்துக்குப் போனாள். பழைய எழுதுவினைஞர் மாறிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் கணினியில் அவள் பெயரைத் தட்டினார். தட்டிவிட்டு, கதிரையைப் பின்னுக்குத் தள்ளி அவளை மரியாதையோடு பார்த்தார்.

“உங்கட பிரச்சினை தீர்ந்துபோச்சே அம்மா.”

ஞானசீலி மேசைக்குக் கிட்டக் குனிந்தாள். “எப்ப ஐயா?”

“பதினொரு தரம் தீர்ந்திருக்கு. சங்குமுனையில வேற ஆருக்கும் இவ்வளவு தீரேல்லை.”

அவர் அலுமாரியிலிருந்து நடமாடும் சேவைப் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினார். பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில், ‘எனது பிரச்சினைக்கு உரிய தீர்வைப் பெற்றுக்கொண்டேன்’ என்று இருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து. அவர் தாளைப் புரட்டப் புரட்ட, அடுத்த சேவை, அதற்கு அடுத்த சேவை, எல்லாவற்றிலும் அவளுடைய கையெழுத்து இருந்தது. முகாமில் பழகின கையெழுத்து, நடுக்கமில்லாமல், கோட்டுக்குமேல் நேராக இருந்தது.

“நான் வரவுக்கெல்லோ வைச்சனான்,” என்றாள்.

“வரவும் தீர்வும் ஒரே புத்தகம்தான் அம்மா. கடதாசிச் சிக்கனம்.”

கோவையைத் திரும்பத் திறக்கலாமா என்று கேட்டாள். திறக்கலாம், அதற்கு முதலில் பெற்றுக்கொண்ட தீர்வைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றார். கிடைக்காததை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. பிறகு அவர் அவளை இணைப்பாளரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

குலவீரசிங்கம் கோபிக்கவில்லை. எழுந்து நின்று கைகூப்பினார். பன்னிரண்டாவது நடமாடும் சேவைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார். அவர் கையால் பத்திரம் வாங்க நாலு பிள்ளைகள் வேண்டும். மூன்று பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள். நாலாவதாக, பதினொரு தரம் பயன்பெற்ற குடும்பத்தின் பிள்ளையைவிடப் பொருத்தமாக யார் இருக்கமுடியும் என்று கேட்டார்.

“அப்ப பத்திரம் வந்திட்டுதோ ஐயா?”

“வரும். வராமல் எங்க போகப்போகுது? பத்திரம் எப்பவும் வரலாம் அம்மா, பெரியவர் திரும்ப வரமாட்டார். படத்தை முதல்ல எடுப்பம். பத்திரம் ஆறுதலா வரட்டும்.”

ஞானசீலிக்கு அதில் பாதி விளங்கவில்லை. பெரியவர் கையால் கொடுக்கிறதில் ஏதாவது இருக்கத்தான் செய்யும் என்று நினைத்தாள். மகளின் வெள்ளைச் சட்டையை இரண்டு தரம் தோய்த்து நீலம் போட்டாள்.

பன்னிரண்டாவது சேவையில் பெயர் கூப்பிட்டதும் அவள் எழுந்தாள். “உள்ளேன்” சொல்லவில்லை. புத்தகத்தை நீட்டினார்கள். ஆறு வருடத்தில் முதல் தடவையாகப் பக்கத்தின் தலையை வாசித்தாள். எழுத்துக்கூட்டி முழுதாக வாசித்துவிட்டு, மேசைக்குப் பின்னாலிருந்த பெடிச்சியைப் பார்த்தாள்.

“கையெழுத்து வைக்காட்டி என்னம்மா நடக்கும்?”

“லிஸ்ட்ல பேர் வெட்டுப்படும் அன்ரி,” என்றாள் அவள், மூடி திறந்த பேனையை நீட்டியபடி.

ஞானசீலி கையெழுத்து வைத்தாள்.

மேடையில் பெரியவர் அரச முத்திரை பதித்த நீள உறை ஒன்றை அபிநயாவின் கையில் வைத்தார். கமெராக்கள் மின்னின. பாண்ட் வாத்தியம் ஊதினது. அபி மேடையின் மறுபக்கத்தால் இறங்கும்போது அங்கே நின்ற ஒருவர் உறையை அவள் கையிலிருந்து மெதுவாகக் கழற்றி எடுத்துக்கொண்டு, குனிந்து ஓடி, திரும்பவும் பெரியவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். அடுத்த பிள்ளைக்கும் அதே உறைதான்.

“வெறும் கவர்ம்மா,” என்றாள் அபி, தாய்க்குப் பக்கத்தில் வந்திருந்து. முகாமில் பழகின பேச்சு அவள் வாயில் இன்னும் மாறவில்லை. “உள்ள ஒண்ணுமே இல்ல. சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன்.”

இரண்டு பேரும் பணிசைப் பிய்த்து ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டார்கள். வீட்டுக்கு நடக்கும்போது ஞானசீலி, அழுகை வந்தால் பிள்ளை பார்த்துவிடும் என்று இரண்டடி முன்னால் நடந்தாள்.

சூசைதாசனுக்கு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாகப் பேசுகிற நாளில் சொல்லலாம் என்று விட்டிருந்தாள். அவளிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன். செயலகம் அன்றைக்கே படத்தை முகநூலில் போட்டதும், முகாமில் ஒருவன் அதைச் சூசைதாசனுக்குக் காட்டியதும் அவளுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் அவனே எடுத்தான்.

“படம் பாத்தனான் சீலி. பிள்ளை சிரிச்சுக்கொண்டு வாங்குது. முகாம் முழுக்க முட்டாசு குடுத்தனான்.”

“இல்லையப்பா, அது…”

“பொறு, சொல்லவிடு. இண்டைக்குக் காலமைதான் பேர் கூப்பிட்டவங்கள். நான் வரிசைக்குப் போகேல்லை. புளியமரத்துக்குக் கீழ நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். மூண்டு தரம் கூப்பிட்டாங்கள். பிறகு சிவப்பு மையால இழுத்தாங்கள். என்ர கண்ணால கண்டனான் சீலி. முப்பது வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் வெயில்ல நிக்கேல்லை.”

வெறும் உறை என்ற வார்த்தை ஞானசீலியின் வாய்வரை வந்து நின்றது. இனி அதைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. வெட்டின பெயர் ஒட்டாது. மகளுக்கு இனி அங்கேயும் இடமில்லை, இங்கேயும் இடமில்லை. அது தெரிந்தும் அவளுக்குள் ஒரு சந்தோசம் எழுந்தது. அந்தச் சந்தோசத்தை நினைத்து அவள் வெட்கப்பட்டாள்.

“எப்ப வாறியள்?” என்று கேட்டாள்.

மூன்று மாதத்தால் சூசைதாசன் வந்து இறங்கினான். மெலிந்து, காதோரம் நரைத்திருந்தான். பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவில் பழைய துவாயால் சுற்றி ஒரு கண்ணாடிச் சட்டம் கொண்டுவந்திருந்தான். முகாமில் ஒரு தச்சன் பத்திரத்தின் அளவைக் குத்துமதிப்பாக வைத்துச் செய்து கொடுத்ததாம். சுவரில் ஆணி எங்கே அடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவனிடம் ஞானசீலி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கத்துவான் என்று நினைத்தாள். அவன் சட்டத்தைத் திரும்பவும் துவாயால் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, கிணற்றடியில் போய் வெகுநேரம் முகம் கழுவினான்.

அடுத்த கிழமை மூன்று பேருமாகச் செயலகத்துக்குப் போனார்கள். தகப்பன் வந்தது மிகவும் நல்லது என்றார் எழுதுவினைஞர். இதுவரை தாய் தனியாகப் போட்ட விண்ணப்பம் இனிச் செல்லாது, தாயும் தகப்பனும் சேர்ந்து புதிதாகப் போடவேண்டும் என்றார். பரீட்சைக்காக அதிபர் படம் ஒட்டி ஒரு கடிதம் கொடுத்தார். பரீட்சை நாட்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் கடிதம். அதன்படி அந்த டிசம்பரில் அபிநயா ஒன்பது நாள் இருந்தாள்.

தை பிறந்து, வாக்காளர் பெயர் எடுக்க விதானையார் வீட்டுக்கு வந்தார். வாசலில் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். சூசைதாசனைக் கண்டதில் அவருக்கு உண்மையான மகிழ்ச்சி. நீல மட்டைக் கொப்பியைத் திறந்து, ஞானசீலியின் பெயருக்கு மேலே அவனுடைய பெயரைப் பேனையால் அழகாக எழுதினார். பிறகு கீழே பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

“பிள்ளையின்ர பேர் மங்கிப்போச்சு,” என்றார். “ஆறு வருசமெல்லோ. இப்பிடியே விட்டா அழிஞ்சுபோகும்.”

காதைத் தடவினார். பென்சிலைக் காணவில்லை. சட்டைப்பையிலும் இல்லை. சூசைதாசன் பேனையைப் பார்த்தான். விதானையார் அதைக் கவனித்தும் கவனிக்காதவர்போல் பைக்குள் தேடினார். அபிநயா உள்ளே போய், பரீட்சைக்குக் கொண்டுபோன பெட்டியிலிருந்து பென்சிலை எடுத்து, கூர் பார்த்து, கொண்டுவந்து கொடுத்தாள்.

“கெட்டிக்காரி,” என்றார் விதானையார்.

மங்கின எழுத்தின்மேல் ஒவ்வொரு எழுத்தாக வாயால் சொல்லிச் சொல்லிப் பென்சிலை அழுத்தி எழுதினார். எழுதி முடித்து, ஊதிவிட்டு, முழுப்பெயரையும் ஒருதரம் உரத்து வாசித்தார். அவள் கதவோரத்தில் நேராக நிமிர்ந்து, யாரும் கேட்காமலே சொன்னாள்.

“உள்ளேன் ஐயா.”